பயணப் பொதியா, ஊர்தியா?
இங்கிலாந்தின் புகையிரதங்களில் துவிச்சக்கர வண்டி பெற்ற இடம்

ஒரு பிரயாணி தன்னோடு கொண்டு செல்லும் பொருள்களுள் எது பயணப் பொதி, எது பயணப் பொதி அன்று என்ற வினா, வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியதாக முதற்பார்வையில் தோன்றாது. புகையிரத நிலையச் சிப்பந்தி ஒருவர் தராசின் முன் நின்று தீர்த்துவைக்க வேண்டிய சில்லறை விடயமென்றே அதனைப் பலரும் கருதுவர். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இவ்வினாவை மீண்டும் மீண்டும் ஆராய நேர்ந்தது. அவ்வாறு நீதிபதிகளின் முன் வந்து நின்ற பொருள்களுள் துவிச்சக்கர வண்டியும் ஒன்று. அதைப்பற்றி 1899ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட தீர்ப்பின் நிழல், இன்று அந்நாட்டின் நகரிடை விரைவு வண்டிகளில் துவிச்சக்கர வண்டியோடு ஏற முயலும் ஒருவர் மீதும் விழுகின்றது. சாதாரண மனிதனின் வசதி எந்நிலையில் உரிமையாகின்றது, எந்நிலையில் சலுகையாகவே நின்றுவிடுகின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு இவ்வரலாறு பயன்படும்.

புகையிரதம் முந்தியது. 1830இல் லிவர்பூலையும் மன்செஸ்ரரையும் இணைத்த பாதை திறக்கப்பட்டு அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, இன்று நாம் காணும் வடிவிலான துவிச்சக்கர வண்டி தோன்றிற்று. அதற்கு முன்னிருந்தது, முன் சில்லு ஆளுயரமும் பின் சில்லு தட்டளவுமாய் அமைந்த விபரீத வாகனம். வசதியும் துணிவும் படைத்த இளைஞர் சிலரே அதில் ஏறினர். 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பார் கொவன்றி நகரில் சமமான இரு சில்லுகளும் சங்கிலியும் கொண்ட ‘றோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த இறப்பர் ரயருக்கு உரிமம் பெற்றார். இவ்விரண்டும் இணைந்தபின் நிகழ்ந்தது ஒரு சமூக மாற்றமாகும். 1896இல் துவிச்சக்கர வண்டி மோகம் உச்சத்தை எட்டியபோது அதனைச் செலுத்தியோருள் சீமாட்டிகளும் இருந்தனர். எழுதுவினைஞரும் பள்ளி ஆசிரியரும் தேர்ந்த தொழிலாளரும் இருந்தனர். 1894இல் பேர்மிங்காமில் தோன்றிய ‘கிளேரியன்’ துவிச்சக்கர வண்டிக் கழகம் சமவுடைமைக் கருத்துகளைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றதும் இவ்வாகனத்தின் மீதேயாகும்.

இவர்களுக்குப் புகையிரதம் ஏன் தேவைப்பட்டது? தமக்கென ஒரு வாகனத்தை உடையோர் இன்னொரு வாகனத்தை நாடுவது முரண்பாடாகத் தோன்றலாம். விடை தொழிலாளரின் ஓய்வு நேரத்தின் அளவில் உள்ளது. சனிக்கிழமை பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையுமே நகரத்து ஊழியனுக்குச் சொந்தமான பொழுது. இலண்டனோ நாற்றிசையும் பரந்து கொண்டிருந்தது. வீட்டு வாசலிலிருந்து மிதித்துப் புறப்பட்டால், கல் பாவிய தெருக்களையும் குதிரை வண்டி நெரிசலையும் கடந்து வயல்வெளியைக் காணுமுன்னரே அப்பொழுதின் பெரும்பகுதி கழிந்துவிடும். நாற்பது ஐம்பது மைல் தொலைவுக்கு வண்டியோடு புகையிரதத்திற் சென்று, அங்கிருந்து மிதிக்கத் தொடங்குவதே அவனுக்கு இயலக்கூடிய வழியாயிற்று. 1878இல் ஹரகேற்றில் நிறுவப்பட்டு, 1883இல் பெயர் மாறிய துவிச்சக்கர வண்டிப் பிரயாணிகள் கழகம், தங்குவிடுதிக் கட்டணங்களோடு புகையிரதக் கட்டணங்களையும் தன் கவலைகளுள் ஒன்றாகக் கொண்டமைக்கு இதுவே காரணம்.

கம்பனிகள் துவிச்சக்கர வண்டிகளை ஏற்றிச் செல்ல மறுக்கவில்லை. ஆனால் தூரத்திற்கேற்பத் தனிக் கட்டணம் அறவிட்டன. சேதம் நேரின் அதன் பொறுப்பை உரிமையாளர் மீதே சுமத்த முற்பட்டன. அவற்றின் நியாயத்தையும் நாம் புறக்கணித்தல் கூடாது. துவிச்சக்கர வண்டி நிறையிற் சிறியது. இடத்தை அடைப்பதிற் பெரியது. பெட்டியைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அதனை அடுக்க இயலாது. ஒன்றன் மிதிகட்டை மற்றொன்றின் கம்பிகளுக்குள் நுழைந்துகொள்ளும். இடை நிலையமொன்றில் இறக்க வேண்டிய வண்டி ஆறு வண்டிகளுக்குப் பின்னால் அகப்பட்டிருந்தால், அத்தனையையும் வெளியே எடுத்து மீண்டும் ஏற்றும்வரை முழுப் புகையிரதமும் காத்து நிற்க வேண்டும். சுமை கூலியாட்களுக்கு இதனால் நேர்ந்த சிரமம் உண்மையானதே.

எனினும் பிரச்சினையின் வேர் சிரமத்தில் இல்லை, சட்டத்தில் உள்ளது. ஒவ்வொரு புகையிரதக் கம்பனியும் பாராளுமன்றத்தின் தனிச் சட்டமொன்றினாற் பிறந்தது. பிரயாணி ஒருவர் குறித்த நிறைக்கு உட்பட்ட ‘சாதாரண பயணப் பொதியை’ மேலதிகக் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம் என அச்சட்டங்கள் விதித்தன. ஆனால் ‘சாதாரண பயணப் பொதி’ யாது என அவை வரையறுத்துக் கூறவில்லை. சட்டம் சொல்லாது விட்டதை நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

1865இல் வந்த வழக்கொன்றில், சட்டத்தரணி ஒருவர் தம் கட்சிக்காரரின் வழக்குக்காக எடுத்துச் சென்ற உறுதிப் பத்திரங்கள் பயணப் பொதி ஆகா எனப்பட்டது. 1869இல் மிட்லண்ட் கம்பனிக்கு எதிராக ஹட்ஸ்ரன் என்பவர் தொடுத்த வழக்கின் பொருள் இன்னும் சுவையானது. அது ஒரு குழந்தையின் விளையாட்டுக் குதிரை, வில்விசையில் அசைந்தாடுவது. தந்தை அதனைத் தம்மோடு கொண்டு சென்றார். குதிரையும் பயணப் பொதி அன்று என முடிவாயிற்று. ஒரு விளையாட்டுக் குதிரையின் சட்ட அந்தஸ்தைப்பற்றிக் கற்றறிந்த நீதிபதிகள் ஆழ்ந்து சிந்தித்த காட்சி நமக்குப் புன்னகையை வருவிக்கலாம். ஆனால் அத்தீர்ப்பின் சுமை பின்னர் துவிச்சக்கர வண்டியின் மீது வந்து விழுந்தது என்பதை மறத்தலாகாது.

இவ்வரிசையில் மிக முக்கியமானது கிறேற் வெஸ்ரேண் கம்பனிக்கு எதிராக மக்றோ என்பவர் தொடுத்து 1871இல் முடிவுற்ற வழக்காகும். புதிதாகக் குடியமரவிருந்த வீட்டுக்கென அவர் கொண்டு சென்ற படுக்கை விரிப்புகளும் கம்பளிகளும் தொலைந்து போயின. அவை வீட்டுத் தட்டுமுட்டுகளேயன்றிப் பயணப் பொதி ஆகா என நீதிமன்றம் கூறிற்று. கூறும்போது பிரதம நீதியரசர் கொக்பேண் ஓர் அளவுகோலையும் வகுத்துத் தந்தார். பிரயாணி தான் சார்ந்த வர்க்கத்தின் பழக்கவழக்கங்களுக்கும் தேவைகளுக்கும் ஏற்ப, பயணத்தின் உடனடித் தேவையையோ அதன் இறுதி நோக்கத்தையோ கருதித் தன் சொந்த உபயோகத்துக்கென எடுத்துச் செல்வது எதுவோ அதுவே பயணப் பொதி என்பது அதன் சாரம்.

வர்க்கம் என்ற சொல்லை ஈண்டு ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அது பிற்காலத்துச் சமூகவியலாளன் புகுத்திய சொல் அன்று. விக்ரோறியா காலத்து நீதியரசர் தாமே விரும்பிப் பயன்படுத்திய சொல். வேட்டைக்குச் செல்லும் கனவானின் துப்பாக்கிப் பெட்டியும் மீன்பிடிக்கச் செல்வோனின் தூண்டிற் கருவிகளும் இவ்வளவுகோலின்படி பயணப் பொதிக்குள் அடங்கத்தக்கவை. அவை அவ்வர்க்கத்தினரின் வழக்கத்துக்கு ஏற்றவை. பயணத்தின் நோக்கமும் அதுவே. அவ்வாறாயின், ஞாயிற்றுக்கிழமை மிதிப்பதற்கென்றே புகையிரதம் ஏறும் எழுதுவினைஞனின் துவிச்சக்கர வண்டி எந்த வகையில் வேறுபட்டது? அது அவனது சொந்த உபயோகத்துக்கானது. அவனது பயணத்தின் இறுதி நோக்கமே அதுதான். 1890களின் பிற்பகுதியில் அது அவன் வர்க்கத்தின் வழக்கமாகவும் ஆகிவிட்டிருந்தது.

இவ்வாதம் வெல்லவில்லை. கிறேற் நோதேண் கம்பனிக்கு எதிராகப் பிறிற்றன் என்பவர் தொடுத்த வழக்கில், துவிச்சக்கர வண்டி சாதாரண பயணப் பொதி ஆகாது எனவும், ஆகவே அதனை இலவசமாகக் கொண்டு செல்லும் உரிமை பிரயாணிக்கு இல்லை எனவும் 1899இல் முடிவாயிற்று. ‘சாதாரண’ என்ற அடைமொழிக்கு நீதிமன்றம் கொடுத்த கனமே இதிற் பெரிது என்பது என் எண்ணம். விளையாட்டுக் குதிரை நுழைய முடியாத வாயிலில் இரும்புக் குதிரையும் நுழைய முடியவில்லை.

இத்தீர்ப்பைத் தெருவின் சட்டத்தோடு ஒப்புநோக்கும்போதே அதன் விசித்திரம் முழுமையாகத் தெரியவரும். 1879இல், தெருவிலே மூர்க்கமாகத் துவிச்சக்கர வண்டி ஓட்டிய ஒருவரைத் தண்டிக்கும்பொருட்டு, அவ்வண்டியும் ஓர் ஊர்தியே என நீதிமன்றம் கொண்டது. 1888ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் நெடுஞ்சாலைச் சட்டங்களின் நோக்கத்துக்காக அதனை வெளிப்படையாகவே ஊர்தி எனப் பிரகடனம் செய்தது. (இதன் வால் நீண்டது: மதுபோதையில் துவிச்சக்கர வண்டியைத் தள்ளிச் சென்ற ஒருவர், 1872ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் ‘ஊர்தியை’ வைத்திருந்தவராகவே 1950இலும் கருதப்பட்டார்.) ஆக, தண்டனைக்கும் கடமைக்கும் அது ஊர்தி. ஆனால் தெருவைவிட்டு நீங்கிப் புகையிரத மேடையை அடைந்ததும், அங்கே அது ஊர்திக்குரிய மதிப்பையும் பெறவில்லை, பொதிக்குரிய சலுகையையும் பெறவில்லை.

சட்டத்தில் இடமில்லாத துவிச்சக்கர வண்டி, பின்னர் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கிலப் புகையிரதங்களில் எவ்வாறு தாராளமாகச் சென்றது? இதற்கான விடையைக் கார்ட்டின் பெட்டியிலே தேட வேண்டும்.

ஆரம்ப காலத்தில் கார்ட் ஒருவர் வண்டியின் பின்புறத்தில் அமர்த்தப்பட்டமைக்கு முதற் காரணம் தடுப்பு ஆகும். சாரதியின் சமிக்ஞை கேட்டதும் கைத்தடுப்பை இறுக்குவது அவர் கடமை. 1889 யூன் 12இல் அயர்லாந்தின் ஆர்மா நகரருகே, உல்லாசப் பயண வண்டியொன்றின் பிரித்து நிறுத்தப்பட்ட பிற்பகுதி மேட்டிலிருந்து பின்னோக்கி உருண்டு, ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறார். அவ்வாண்டே பாராளுமன்றம் பிரயாணிகள் வண்டிகள் யாவற்றுக்கும் தொடர் தடுப்பைக் கட்டாயமாக்கிற்று. முழுவண்டியும் சாரதியின் கையாலேயே நிற்கத் தொடங்கியபின், கார்ட்டின் பெட்டிக்கு இருந்த பழைய நியாயம் தளர்ந்தது. ஆயினும் அப்பெட்டி மறையவில்லை. தபாற் பைகள், பார்சல்கள், விடியற்காலைப் பத்திரிகைக் கட்டுகள், மீன் கூடைகள், போட்டிக்காக எடுத்துச் செல்லப்படும் பந்தயப் புறாக்கள் என அதன் வயிற்றை நிரப்பப் பண்டங்கள் பல இருந்தன. அவற்றுக்காகவே அகன்ற கதவுகளோடும் வெறுந்தரையோடும் அது வண்டிதோறும் இணைக்கப்பட்டது. துவிச்சக்கர வண்டி அப்பண்டங்களின் ஓரத்தில் ஒதுங்கி நின்று பயணம் செய்தது. அதற்கென எவரும் ஓர் அங்குலமும் வடிவமைக்கவில்லை. மிஞ்சிய இடமே அதன் இடம்.

இந்த ஏற்பாடு ஆங்கிலேயர் புகையிரதம் அமைத்த நாடுகளுக்கும் சென்றது. இலங்கையில் 1860களில் கொழும்பிலிருந்து தொடங்கி, 1905இல் வடபகுதிப் பாதை முற்றுப்பெற்றபோது யாழ்ப்பாணத்தையும் கொழும்போடு இணைத்த நம் புகையிரதத்திலும், பிரயாணி கையோடு கொண்டு செல்லும் பொதி வேறு, பதிந்து அனுப்பும் பார்சல் வேறு என்ற பாகுபாடு ஆங்கில வழக்கின்படியே அமைந்தது. சயிக்கிளின் கைப்பிடியில் முகவரி அட்டையைக் கட்டிப் பார்சல் கந்தோரில் ஒப்படைத்தவர்களும், அதை மறுமுனையில் எடுக்கும்வரை நெஞ்சிடியோடு இருந்தவர்களும் நம் பெற்றோர் தலைமுறையிற் பலர் உளர். அவ்வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

இங்கிலாந்தில் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தையும், அதையடுத்த சில ஆண்டுகளையும் இவ்வுறவின் வசந்தகாலம் எனலாம். துவிச்சக்கர வண்டியோருக்கென்றே கம்பனிகள் ஞாயிறுதோறும் விசேட உல்லாச வண்டிகளை விட்டன. 1948இல் புகையிரதங்கள் தேசியமயமான பின்னரும் வழக்கம் தொடர்ந்தது. பிரித்தானியப் போக்குவரத்துத் திரைப்படப் பிரிவு 1955இல் வெளியிட்ட குறும்படமொன்று, அத்தகைய விசேட வண்டியில் இலண்டனிலிருந்து றக்பி நகர்ப் பக்கம் சென்று மீளும் கழகத்தினரின் ஒருநாட் பயணத்தைப் பதிவு செய்துள்ளது. ஆனால் அக்காலத்திற்கூட, மகிழ்வோடு ஏறி இறங்கியோரின் கையில் இருந்தது சலுகையேயன்றி உரிமை அன்று.

சலுகையின் இயல்பு 1960களின் பின்னரே வெளிப்பட்டது. 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை கிளைப் பாதைகள் பலவற்றின் மூடுவிழாவுக்கு வழிகோலிற்று. துவிச்சக்கர வண்டியோர் நாடிச் சென்ற கிராம நிலையங்கள் பல அவற்றிலேயே இருந்தன. 1966இல் ‘இன்ரர்சிற்றி’ என்ற பெயர் விரைவு வண்டிச் சேவைகளின் அடையாளமாகப் பரப்பப்பட்டது. 1976 ஒக்ரோபரில் மணிக்கு 125 மைல் செல்லும் டீசல் வண்டிகள் இலண்டனிலிருந்து பிறிஸ்ரலுக்கும் தென் வேல்சுக்கும் ஓடத் தொடங்கின. அடுத்த ஆண்டு, பிரித்தானியப் புகையிரத நிர்வாகம் பெரும்பாலான வண்டிகளில் துவிச்சக்கர வண்டிகளைக் கட்டணமின்றி ஏற்றிச்செல்ல முன்வந்தது. பிறிற்றன் 1899இல் வழக்காடித் தோற்றதை, 78 ஆண்டுகள் கழித்து நிர்வாகம் தானாக முன்வந்து தந்தது. அது சட்டத்தின் மாற்றமன்று, வாணிபத் தீர்மானம். வாணிபம் தந்ததை வாணிபமே மீளப் பெற்றது. விரைவு வண்டிகளில் முன்பதிவும் கட்டணமும் பின்னர் வந்து சேர்ந்தன.

கட்டணத்தைவிடப் பெரிய மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்து கொண்டிருந்தது. 1981இல் பிரித்தானியப் புகையிரதம் வீடுதேடிச் சென்று பார்சல் சேகரித்து விநியோகிக்கும் சேவையைக் கைவிட்டது. 1988இல் பத்திரிகை வண்டிகள் நின்றன. மீனும் புறாக்களும் ஏற்கெனவே பார ஊர்திகளுக்கு மாறிவிட்டன. பெட்டியை நிரப்பிய பண்டங்கள் போனபின் பெட்டி எதற்கு? 1980களின் நடுவிலிருந்து வந்த புதிய டீசற் தொடர்களில் கார்ட்டின் பெட்டியே இல்லை. ஆசனங்களுக்கிடையே வாயிலருகில் சிறிது வெற்றிடம் மட்டுமே. 1990களில் புகையிரதம் தனியார்மயமானபின், ஆசனம் ஒவ்வொன்றும் வருமானமாகக் கணிக்கப்பட்ட உலகில் வெற்றிடம் நட்டமாகத் தோன்றிற்று. 2001இல் நீண்டதூரச் சேவைக்கு வந்த ‘வொயேஜர்’ தொடர்கள் மிகச் சில துவிச்சக்கர வண்டிகளையே ஏற்கக்கூடியவை. 2017 முதல் இலண்டன்–பிறிஸ்ரல் பாதையில் 1976ஆம் ஆண்டு வண்டிகளின் இடத்தைப் பிடித்த புதிய தொடர்களில், துவிச்சக்கர வண்டியை முன் சில்லில் தூக்கி, ஒடுங்கிய அலுமாரி போன்ற அறைக்குள் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். முன்பதிவும் செய்திருக்க வேண்டும். வயோதிபர் ஒருவரோ பாரமான வண்டியை உடைய பெண்ணொருவரோ அதனைத் தலைக்கு மேல் எவ்வாறு தூக்குவார் என்பதை வடிவமைத்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறிஸ்ரலைக் குறிப்பிட்ட இடத்தில் ஒன்றைச் சொல்லாது செல்ல மனம் வரவில்லை. புகையிரதத்தில் இலவச அனுமதி வந்த அதே 1977இல், அந்நகரில் துவிச்சக்கர வண்டியோர் சிலர் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினர். 1960களில் மூடப்பட்டுப் புதர் மண்டிக் கிடந்த பிறிஸ்ரல்–பாத் புகையிரதப் பாதையொன்றை, 1979 தொடக்கம் 1986 வரையான ஆண்டுகளில் அவர்கள் துவிச்சக்கர வண்டிப் பாதையாக மாற்றினர். ஓடுகின்ற புகையிரதத்தில் இடம் சுருங்க, ஓடாத புகையிரதத்தின் தடம் முழுவதும் அவர்களுக்குக் கிடைத்தது.

ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் விரைவு கூடக்கூட இடம் குறைந்தது. ஜேர்மனியில் 1991இல் தொடங்கிய அதிவேக வண்டிகளில் நீண்டகாலமாகத் துவிச்சக்கர வண்டிக்கு அனுமதியில்லை. 2017 இறுதியில் வந்த புதிய தொடரிலேயே எட்டு வண்டிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அங்கே வேறொரு திசையிலும் சிந்தனை சென்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் நிறைவேற்றிய பிரயாணிகள் உரிமை ஒழுங்குவிதி 2023 யூன் 7இல் நடைமுறைக்கு வந்தது. புதிதாக வாங்கப்படும் வண்டிகளிலும் பெருந்திருத்தம் செய்யப்படும் வண்டிகளிலும் குறைந்தது நான்கு துவிச்சக்கர வண்டிகளுக்கு இடம் இருத்தல் வேண்டுமென்பது அதன் ஏற்பாடுகளுள் ஒன்று. இது 2025 யூன் 7 முதல் பிணிக்கும். நான்கு என்பது சிறிய எண்ணே. முன்னைய கார்ட்டின் பெட்டியொன்றின் மூலையில் அதைவிடக் கூடுதலாக நின்றிருக்கும். ஆனால் பார்சல் போனாலும் பத்திரிகை போனாலும் போகாத இடம் இது. துவிச்சக்கர வண்டியின் பெயரிலேயே எழுதப்பட்ட இடம். 2020இல் ஒன்றியத்தைவிட்டு விலகிய இங்கிலாந்தின் வண்டிகளை இவ்விதி கட்டுப்படுத்தாது.

அந்நாட்டில் இன்று நிலவும் பயண நிபந்தனைகளில் ஒரு விதிவிலக்கு உண்டு. 1970களின் நடுப்பகுதியில் அன்றூ றிச்சி என்ற பொறியியலாளர் இலண்டனில் தம் வீட்டு அறையிலிருந்து வடிவமைத்த ‘புறொம்ப்ரன்’ போன்ற மடக்கு வண்டிகள், முற்றாக மடக்கப்பட்ட நிலையில் பொதுவாக எந்த வண்டியிலும் முன்பதிவின்றிக் கட்டணமின்றிச் செல்லலாம். காலை வேளையில் இலண்டன் நிலையங்களில் இறங்கும் எழுதுவினைஞரின் கையில் அதனைக் காணலாம்: சில்லுகள் உள்ளே மடிந்து, கைப்பிடி தாழ்ந்து, ஒரு பெட்டியின் அளவுக்குச் சுருங்கியிருக்கும். நிபந்தனைகள் அதனைப் பயணப் பொதியாகவே கணிக்கின்றன.